மனைப்புறத்து ஆடும் கோழியும்: எடப்பாடிச் சீமையின் சிறுகால்நடை வரலாறு

எடப்பாடி என்று இன்று வழங்கும் நம்மூரின் பெயரை இடைப்பாடி என எழுதுவாரும் உளர். இருவகை எழுத்தும் வழக்கில் நிற்கின்றன. அப்பெயரின் பிற்பகுதியாகிய ‘பாடி’ என்பது அகப்பொருள் இலக்கணத்தில் முல்லைநிலத்து ஊருக்குரிய பெயராம். அஃதாவது ஆவும் ஆடும் மேய்த்து வாழ்வார் உறையும் இடம். தறியோசையும் பருத்திப் பொதியும் சரபங்கா ஆற்றின் வறண்ட மணலும் இன்று நம் கண்முன் நிற்பினும், ஊரின் பெயரிலே முல்லைத் திணையின் சொல்லொன்று குடியிருத்தல் நோக்கத்தக்கது. எனினும் ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது பெருமந்தைகளின் வரலாறன்று. புறக்கடையில் முளைக்குச்சியிற் கட்டிய இரண்டு மூன்று வெள்ளாடுகளும், கூடைக்கீழ் அடையும் கோழிகளுமே நம் பொருள். இவற்றைப் பற்றி எழுதுவதற்கு என்ன உளது என அன்பர் சிலர் வினவக்கூடும். மூவாயிரம் ஆண்டு எழுதினாலும் தீராத அளவு உளது என்பது எம் துணிபு.

முதற்கண் சொல்லினின்றே தொடங்குவோம். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களின் இளமைப்பெயரும் ஆண்பாற்பெயரும் பெண்பாற்பெயரும் வகுத்துரைத்தார். அவற்றுள் ஆட்டின் ஆணுக்கு மட்டும் மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர்கள் வைத்தார். இளமைக்கு மறி. பெண்ணுக்கு மூடு, கடமை. பெட்டைக்கோழிக்கும் கூகைக்கும் உரியது அளகு. யானைக்கும் புலிக்கும் பெயர் பல இருத்தல் வியப்பன்று; அவை அரசரும் புலவரும் பாடிய விலங்குகள். எளிய ஆட்டுக்கு இத்தனை பெயர் வேண்டியது ஏன்? நாள்தோறும் கையாளும் பொருளுக்கே மக்கள் பெயரைப் பெருக்குவர். ஆணைத் தனியாகவும் பெண்ணைத் தனியாகவும் குட்டியைத் தனியாகவும் விலைபேசிய சமுதாயமே இத்துணை நுட்பமாகப் பெயரிடும்.

மரபுப்பெயர்ப் பாடம் நடத்துங்கால் எம் வகுப்பில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் குறித்தல் பொருந்தும். ‘மூடு’ என்பதற்குப் பொருள் யாதென வினவினோம். கதவை மூடு என்று பலர் விடையிறுத்தனர். வீட்டில் ஆடு வளர்க்கும் சிறுமி ஒருத்தி மட்டும் எழுந்து, “ஐயா, எங்கள் வீட்டில் ஒரு கிடாய்க்குட்டியும் இரண்டு மூட்டுக்குட்டியும் உள்ளன” என்றாள். தொல்காப்பியர் எழுதிய சொல் உரையாசிரியரின் துணையின்றி அவள் தாயின் வாய்வழியே வந்து சேர்ந்திருந்தது. அதே வகுப்பில் மற்றொருவன், பெண்டிர் சேர்த்துவைக்கும் ‘சிறுவாடு’ என்னும் சொல்லைச் சிறு, ஆடு எனப் பிரித்து, ஆடு விற்ற பணமே சிறுவாடு என முடிபு கூறினான். சிறுமையொடு ஊர் சேர்ந்து சிற்றூர் ஆவது போலச் சிறுமையொடு ஆடு சேரின் சிற்றாடு என்றே ஆகும். ஆதலின் அவன் இலக்கணம் பிழை. ஆனால் அவன் கூறிய பொருளாதாரம் பிழையன்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஆடு அழியா முதலாகக் கருதப்பட்டமைக்குச் சோழர் கல்வெட்டுக்களைக் காட்டிலும் சிறந்த சான்று வேண்டா. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க விரும்பினோர் 96 ஆடுகளை, சில இடங்களில் 90 ஆடுகளை, இடையர்பால் ஒப்புவித்தனர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுக்களில் ஒரு விளக்கிற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை எனக் கணக்கு வகுக்கப்பட்டுள்ளது. அவற்றைப் பெற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இவ்வாடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாவாதோ, மூப்படையாதோ எனின், ஓர் ஆடு சாகும், மந்தை சாவதில்லை. கிழடு கழிய மறி பிறக்கும். எண்ணிக்கை நிலைத்து நிற்கும். வட்டி மட்டும் பெற்று முதலைக் குறையாது காக்கும் முறையைக் காசினால் அன்றி உயிரினால் எழுதி வைத்தனர் நம் முன்னோர்.

இக்கணக்கைச் சிறிது கூட்டிப் பார்த்தல் நன்று. உழக்கு என்பது கால் நாழி. ஆண்டு முழுதும் அளந்தால் ஏறக்குறைய 91 நாழி நெய். 96 ஆட்டுக்கு 91 நாழி எனின், ஆடொன்றுக்கு ஆண்டிற்கு ஒரு நாழியும் முழுதாக வரவில்லை. கோயில் கேட்டது அவ்வளவே. எஞ்சிய பாலும், பெருகிய குட்டியும், இரவில் வயலிற் கிடை போட்டுப் பெற்ற எருக்கூலியும் வளர்த்தவனுக்கே உரியன. சட்டமும் கணக்கும் கடுமையாயிருப்பினும் பங்கு இலேசாக வகுக்கப்பட்டமையாலேயே அவ்விளக்குகள் பல தலைமுறை எரிந்தன போலும்.

நெய் அளந்த அவ்விடையரைக் கல்வெட்டுக்கள் ‘மன்றாடி’ என்று குறிக்கும். இதே சொல் ‘மன்றாடியார்’ எனக் கொங்குநாட்டுப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்திற்குப் பட்டமாய் வழங்குகின்றது. காங்கயம் மாட்டினத்தைத் தேர்ந்து பெருக்கிய பெருமை அக்குடும்பத்திற்கு உண்டென்பதை நம்மவர் அறிவர். காங்கயத்துக் காளைக்கு வரலாறு எழுதப்பட்டது, படம் எழுதப்பட்டது, உலகெங்கும் பெயர் பரவியது. மாட்டுக்குப் பட்டக்காரர் வாய்த்தார். ஆட்டுக்கு வாய்த்தவள் பெரும்பாலும் புறக்கடையில் அகத்தித்தழை ஒடிக்கும் ஒரு மூதாட்டி. அவள் பெயரை எந்த ஏடும் குறித்ததில்லை. ஆயினும் அவளும் இனந்தேர்ந்தே வளர்த்தாள் என்பதற்கு இரண்டு சான்றுகள் நம் மாவட்டத்திலேயே உள்ளன.

ஒன்று, மேச்சேரிச் செம்மறி. மேட்டூரை அடுத்த மேச்சேரி ஊரின் பெயர் பெற்ற இவ்வாடு இளம்பழுப்பு நிறமும் குறுவாலும் உடையது, கொம்பற்றது, கம்பளி தராது. கம்பளி தராத செம்மறி என்ன செம்மறி என்று வடநாட்டார் நகைக்கலாம். இதன் சிறப்பு இறைச்சியிலும் தோலிலும் உளது. தமிழ்நாட்டுச் செம்மறித் தோல்களுள் மேச்சேரித் தோல் உயர்தரமென வணிகர் மதிப்பர். ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகத்தினின்று கப்பலேறிய நாள்தொட்டு நம் நாட்டு ஆட்டுத்தோலுக்கு வெளிநாட்டில் மதிப்புண்டு. 1948-ஆம் ஆண்டில் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும் அவ்வாணிகத்தின் பெருமை நோக்கியே. சேலம் மாவட்டத்துப் பொட்டனேரியில் இவ்வினத்திற்கென ஆராய்ச்சி நிலையம் ஒன்று கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடைபெறுகின்றது.

மற்றொன்று, சேலம் கருப்பு வெள்ளாடு. உடல் முழுதும் கருமை, நீண்ட கால், உயர்ந்த தோற்றம். சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி, நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் இஃது உண்டு. தேசியக் கால்நடை மரபுவள நிறுவனம் இதனைத் தனியினமாகப் பதிவு செய்துள்ளது. கருப்பு ஆடாயிருந்தும் வெள்ளாடு என்பது என்னையோ எனின், வெள்ளாடு என்பது இங்கு நிறத்தையன்று, சாதியையே குறித்து வழங்குகின்றது. நம் ஊர்ப்பெண்டிர் எவ்விதழும் படியாமல், கருங்கிடாயைத் தேடிச்சென்று தம் ஆட்டுக்குச் சேர்த்தும், நிறங்கலந்த குட்டியை முதலில் விற்றும், பன்னெடுங்காலம் இக்கருமையைக் காத்துள்ளனர். பதிவு நேற்று நிகழ்ந்தது. காப்பு நெடுங்காலம் நடந்தது.

இனி இச்சீமையின் துன்பக்காலத்தை நோக்குவோம். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாதுவருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மிகுதியும் துன்புற்றவற்றுள் சேலம் ஒன்று. 1871-ஆம் ஆண்டு மக்கட்கணக்கையும் 1881-ஆம் ஆண்டுக் கணக்கையும் ஒப்பிட்டால், இம்மாவட்டத்து மக்கள்தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு கூறு குறைந்தமை புலனாகும். மானாவாரி நிலம் பொய்த்தால் முதலில் விற்கப்படுவது ஆடு; பின்னர் எருது; பின்னர் நிலம். இவ்வரிசையைக் கருத வேண்டும். ஆடு உள்ள வீட்டில் எருது சில திங்கள் கூடுதலாக நின்றது; எருது நின்ற வீட்டில் அடுத்த மழைக்கு உழவு நிகழ்ந்தது. இல்லாத வீட்டில் நிகழவில்லை. ஆட்டின் பயன் பாலிலும் இறைச்சியிலும் மட்டும் உளதென்று எண்ணுவோர் இதனை மறந்து பேசுகின்றனர்.

பஞ்சம் ஓய்ந்து நான்காண்டு கழிவதற்குள், 1882-ஆம் ஆண்டில், சென்னை வனச்சட்டம் பிறந்தது. ஊரார் விறகும் தழையும் மேய்ச்சலும் பெற்றுவந்த குன்றுகளும் கரடுகளும் பலவிடத்தும் அரசின் காப்புக்காடுகள் ஆயின. மேய்ச்சலுக்குச் சீட்டும் கட்டணமும் வந்தன. வனத்துறையார் எல்லாக் கால்நடைகளிலும் வெள்ளாட்டையே பெரும்பகையாகக் கருதினர். குருத்தைக் கடிக்கும், மரப்பட்டையை உரிக்கும் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. அதில் உண்மையில்லை என்று யாம் கூறோம். ஒரு நாள் அவிழ்த்துக்கொண்ட ஆடு ஒரு முருங்கைக் கன்றை என் செய்யும் என்பதை வீட்டில் மரம் வைத்தோர் அனைவரும் அறிவர். ஆனால் காட்டை அழித்தது தொடர்வண்டிப் பாதைக்கு வெட்டிய கட்டையா, ஏழையின் ஆடா என்னும் வினாவுக்கு விடை கூறாமலே தீர்ப்பு எழுதப்பட்டது. அவ்வழக்கு இன்னும் முடியவில்லை. 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்து, அம்மாதத்திலேயே அத்தடையைத் தேசியப் பூங்கா, வனவிலங்குப் புகலிடம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு சுருக்கியது. அதனையொட்டி எழுந்த விவாதங்களில் 1882-ஆம் ஆண்டின் குரலே இருபுறமும் ஒலித்தது.

காடு மூடப்பட்டது, ஆடு வீட்டுக்கு வந்தது. தழையை ஆட்டிடம் கொணரும் வழக்கம் இதனால் வலுப்பெற்றது எனலாம். தொரட்டியால் வேம்பும் வெள்வேலும் ஒடித்து, வேலியிலுள்ள கிளுவையைக் கழித்து, கிணற்றோரத்து அகத்தியையும் கலந்து, கட்டிய ஆட்டுக்குக் கட்டித் தொங்கவிடுவர். தரையிற் போட்டால் வெள்ளாடு மிதித்துவிட்டு உண்ணாது. அண்ணாந்து உண்பதே அதன் இயல்பு. குட்டிகளைக் கொடாப்பிலிட்டு மூடுவர். ஐந்து திங்களிற் சினை முற்றும்; நல்ல ஆடாயின் இரண்டாண்டில் மூன்று ஈற்று; பெரும்பாலும் இரட்டைக்குட்டி. புழுக்கை எருக்குழிக்குப் போகும்.

தறியுடைய வீட்டில் இதற்கு மற்றொரு பொருளும் உண்டு. நெசவாளியின் கூலி நூல்விலையையும் வணிகனையும் பொறுத்தது. மாரியில் பாவு நனையும். நூல் கிடையாத நாளில் தறி நிற்கும். தறி நின்ற திங்களில் ஆடே நின்று காத்தது. உழவன் வீட்டில் நிலத்தின் வருவாய் ஆடவன் கைக்கும், நெசவாளன் வீட்டில் தறியின் கூலி ஆடவன் கைக்கும் சென்றன. ஆடும் கோழியும் முட்டையும் மட்டும் பெண்டிர் கையில் நின்றன. பிள்ளையின் பள்ளிச்செலவு, மகளின் காதணி, உறவினர் வீட்டுச் சீர், மருத்துவச்சிக்குக் கொடுத்த புடவை ஆகிய இவையெல்லாம் அச்சிறுவாட்டினின்றே வந்தன. நிலமில்லாதாள் ஒருத்தி, ஆடுடையாளிடம் ஒரு மூட்டுக்குட்டியை வாரத்திற்கு வாங்கி வளர்ப்பாள். ஈன்ற குட்டிகளில் பாதி வளர்த்தவளுக்கு, பாதி உடையவளுக்கு. சில ஆண்டில் வாரத்திற்கு வளர்த்தவள் தானே ஆடுடையாள் ஆவாள். பத்திரமில்லை, முத்திரையில்லை. தஞ்சைக் கல்லில் வெட்டிய உடன்படிக்கையின் இளைய தங்கை எனலாம் இதனை.

கோழியின் வரலாறு தனி நூலுக்கு உரியது, சுருங்கக் கூறுவோம். உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு; யானையைக் கோழி பொருது வென்ற கதை அதற்குக் காரணமாகச் சொல்லப்படும். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டில், போரிற் பட்ட சேவலொன்றுக்கு உருவம் பொறித்து எழுத்தும் வெட்டி நடுகல் எடுத்துள்ளனர். மறவனுக்கு எடுக்கும் கல்லைச் சேவலுக்கும் எடுத்த நாடு இது. ஆனால் முட்டையிட்டுக் குடும்பத்தைக் காத்த அளகுக்கு யாரும் கல் நடவில்லை.

அவ்வளகின் பெரும்பகை வெள்ளைக்கழிச்சல். கோடையில் ஊரெல்லாம் ஒரு வாரத்திற் கோழியற்றுப் போவதை முதியோர் பலர் கண்டுள்ளனர். இந்நோயை இந்தியாவில் இமயச்சாரலிலுள்ள இராணிக்கேத்து என்னும் ஊரில் 1920-களின் பிற்பகுதியில் ஆராய்ந்து கண்டமையின், அவ்வூர்ப் பெயரே நோய்க்குப் பெயராயிற்று. 1940-ஐ ஒட்டி முத்தேசுவரத்து ஆராய்ச்சி நிலையத்தில் தடுப்பூசி உருவாகியது. ஆயினும் அது கோழிப்பண்ணைக்கு எளிதாயிற்றேயன்றிப் புறக்கடைக்கு எளிதாகவில்லை. குளிர்ப்பெட்டியில் வைத்த மருந்தைப் பத்துக் கோழிக்காக ஒருவர் ஊசியோடு கொணர்வாரா? தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் தீனியோடு கொடுக்கத்தக்க குருணை வடிவில் தடுப்பு மருந்து ஒன்றை ஆக்கியமை இவ்விடர்ப்பாட்டுக்கு நேரான விடை. இதனை இன்னும் அறியாத வீடுகள் பல. நம் சங்கத்து அன்பர் அவரவர் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் வினவுவாராக.

ஆட்டுக்கும் அவ்வாறே ஒரு கொள்ளைநோய் வந்தது. ஆட்டுக்கொல்லி என்று பெயர் பெற்ற அந்நோய் மேலை ஆப்பிரிக்காவில் 1942-இல் முதலில் விளக்கப்பட்டது. இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது 1987-இல், நம் தமிழ்நாட்டிலேயே, விழுப்புரத்தை அடுத்த அரசூரில். காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கழிச்சலும் கண்டு சில நாளில் ஆடு மடியும். அரசூர் ஆட்டினின்று பிரித்தெடுத்த நச்சுயிரைக் கொண்டே பின்னர்த் தடுப்பூசியும் ஆக்கினர். எருமையும் மாடும் மடிந்த பெருநோயாகிய மாட்டம்மையோ 2011-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லிக்கு அந்நாள் இன்னும் வரவில்லை. மாடு முந்தியது, ஆடு பிந்தியது என்னும் பழைய கதை இங்கும் தொடர்கின்றது.

இதனிடையே நம் தெற்கெல்லையில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. 1970-களிலிருந்து நாமக்கற் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணைகள் பெருகின. 1982-இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றியது. 1985-இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி அமைந்தது. 1989-இல் பள்ளிச் சத்துணவில் முட்டை சேர்ந்தது. எம் பள்ளியிற் பயிலும் பிள்ளைகள் உண்பதும் அப்பண்ணை முட்டையே. அதனால் விளைந்த உடல்நலத்தை யாம் கண்ணாரக் காண்கின்றோமாதலின் பண்ணையைப் பழித்தல் எமக்கு ஒவ்வாது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கில் தமிழ்நாட்டுக் கோழி 12 கோடியைக் கடந்து நாட்டிலேயே முதலிடம் பெற்றது. அக்கணக்கிலேயே வெள்ளாடு ஏறக்குறைய 99 இலக்கம், செம்மறி 45 இலக்கம். ஆனால் முன்னர் முட்டை விற்ற காசு எவள் முந்தானையில் முடியப்பட்டதோ, அவள் கைக்கு இப்பன்னிரண்டு கோடியில் எத்துணை சென்றது என்பதற்குக் கணக்கில் நிரல் இல்லை.

2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ஏழைப் பெண்டிர்க்கு விலையின்றி ஆளுக்கு நான்கு ஆடு வழங்கும் திட்டம் தொடங்கியது. ஆட்டைப் பெண்ணின் உடைமையாக அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டமை அத்திட்டத்தின் பெருஞ்சிறப்பு. அதன் குறையும் வெளிப்படை. ஆடு வந்தது, மேயும் புறம்போக்கு வரவில்லை. சோழர்காலத்து மன்றாடிக்கு ஆட்டோடு மன்றமும் இருந்தது. இன்று மேய்ச்சற் புறம்போக்கில் கட்டடம் எழுகின்றது. ஏரிக்கரையில் சீமைக்கருவேல் அடைத்துள்ளது. மனைப்பிரிவுகளில் சுவரோடு சுவர் ஒட்டி வீடு கட்டுவதால் புறக்கடை என்னும் சொல்லே பொருளிழந்து வருகின்றது. நம் சங்கத்தார் கூட்டங்களில் கல்விநிதி பற்றியும் மண்டபம் பற்றியும் விரிவாகப் பேசுகின்றனர். ஊர்தோறும் எஞ்சியுள்ள மேய்ச்சல்நிலம் எத்துணை என்று அளந்து கேட்கும் தீர்மானம் ஒன்று இதுவரை எம் செவிக்கு எட்டியதில்லை.

கொங்கணாபுரத்தில் சனிக்கிழமைதோறும் சந்தை கூடுகின்றது. ஆடும் சேவலும் அங்கே மிகுதி. தீபாவளிக்கும் ஆடிப்பண்டிகைக்கும் முன்வாரத்தில் விலை ஏறும், புரட்டாசியில் இறங்கும். விடியுமுன்னரே குட்டியானை வண்டிகளில் வணிகர் வந்து இறங்குவர். அவர்களிடையே ஒற்றை ஆட்டைக் கயிற்றிற் பிடித்து நடந்து வந்த பெண்டிரும் நிற்பர். வணிகன் ஆட்டின் கீழுதட்டை விலக்கிப் பல்லை எண்ணுவான். இரண்டு பல்லா, நான்கு பல்லா என்பதைக்கொண்டே வயது தெரியும். பின்னர் மடியைத் தொட்டுப் பார்ப்பான். கிடாயா மூடா என்று அவன் கேட்பதில்லை, பார்த்தே அறிவான். விலை படியாவிடின் அவள் ஆட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போவாள். அடுத்த சனிக்கிழமை இருக்கின்றது.